மற்ற இடத்தில் கூடத் தருகினம்

சோபிகாவுக்கு அமெரிக்காவில் இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்திருந்தது. ஆசைப்படாத கல்லூரி உதவிப்பணத்தை அள்ளிக் கொடுத்தது. அவள் உயிரையே விட்ட கல்லூரியோ கிள்ளித்தான் கொடுத்தது. நோர்வே அரசாங்கத்தின் லோனகாசனில் படிப்புக் கடன் எடுத்தாலும் காணாது. மே முதலாம் திகதிக்குள் பதில் சொல்லவேண்டும். பிள்ளையின் வாடின முகத்தைத் தாய் உதயகுமாரியால் பார்க்கமுடியவில்லை.

தகப்பன் சச்சிதானந்தனுக்கு இதெல்லாம் ஒரு விசயமோ! ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் சோபா வாங்கப்போய், பக்கத்துக் கடை விலையைச் சொல்லிச் சொல்லியே குறைப்பித்த மனுசன் அவர். அன்றைக்கு சோபிகா வெட்கம் தாங்காமல் கட்டில்களுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

“நீ ஆசைப்பட்ட கல்லூரிக்கு எழுது பிள்ளை,” என்றார் இப்போதும். “மற்ற இடத்திலை கூடத் தருகினம், ஆனா எங்களுக்கு உங்களைத்தான் பிடிச்சிருக்கு எண்டு எழுது. கேட்டு வாங்கிறதிலை என்ன வெக்கம்?”

கறி துழாவிக்கொண்டிருந்த உதயகுமாரியின் கை நின்றுவிட்டது.

இதே வசனம். ஒன்றிரண்டு சொல்தான் வேறு. நோர்வேயில் இருந்த சச்சிதானந்தனுக்கு அவளைக் கேட்டு வந்த மாமியார், சீதனம் எல்லாம் பேசி முடித்த பிறகு, வெத்திலையை மென்றபடி சொன்னா: “கொழும்பிலை ஒரு இடத்திலை கூடத் தருகினம். ஆனா எங்களுக்கு உங்கட பிள்ளையைத்தான் பிடிச்சிருக்கு.” அப்பா எதிர்த்து ஒரு கேள்வி கேட்கவில்லை. தங்கச்சி அருள்ராணியை இந்தியாவுக்கு அனுப்பி டொக்டராக்க என்று வைத்திருந்த காணியை விற்றுச் சீதனத்தைக் கூட்டிக் கொடுத்தார். அருள்ராணி இன்றைக்கும் கோண்டாவிலில் ஒரு மருந்துக்கடையில், வேறு டொக்டர்மார் எழுதிவிடுகிற மருந்தை எடுத்துக் கொடுத்துக்கொண்டு நிற்கிறாள்.

“பொய் எழுதாதை,” என்றாள் உதயகுமாரி.

“பொய் இல்லையம்மா. உண்மையாவே கூடத்தானே தருகினம்,” என்றாள் சோபிகா.

கடிதம் போனது. இரண்டொரு நாளில் மரியாதையான பதிலும் வந்தது: திரும்பவும் யோசிக்கிறோம், மற்றக் கல்லூரி தந்த கடிதத்தின் பிரதியை அனுப்புங்கள்.

சச்சிதானந்தனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. “சொன்னா நம்பமாட்டினமோ? இதென்ன, கடிதத்தைக் காட்டு எண்டு கேக்கிறது!”

“கேக்கத்தானே வேணும்,” என்றாள் உதயகுமாரி. “எங்கட அப்பாதான் கேக்கேல்லை.”

சோபிகாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிரதியை அனுப்பிவிட்டு நகம் கடித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த கிழமை பதில் வந்தது. கூட்டித் தந்துவிட்டார்கள்! சோபிகா போட்ட கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. தாயைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சிவிட்டு, ஃபோனும் கையுமாக மாடிக்கு ஓடினாள். உதயகுமாரிக்குச் சந்தோசத்தில் கண்ணீர் கொட்டியது. அந்த அழுகையோடேயே கேட்டாள்.

“இஞ்சருங்கோ. அந்தக் கொழும்புச் சம்பந்தம் உண்மையிலை இருந்ததோ?”

“அம்மாவும் செத்துப்போனா. இனி ஏனப்பா அந்தக் கதை?”

“நான் உங்களைத்தான் கேக்கிறன்.”

சச்சிதானந்தன் அந்தச் சோபாவின் நுனியில் இருந்தார்.

“அப்பிடி ஒரு இடமே இல்லை,” என்றார். “அப்பவே எனக்கும் தெரியும்.”

இந்தப் பதில் வந்தால் வீட்டை இரண்டாக்குவேன் என்றுதான் அவள் இத்தனை வருசமும் நினைத்திருந்தாள். ஆனால் இப்போது ஃபோனை எடுத்து அருள்ராணியின் இலக்கத்தை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு அவருக்கு முன்னால் வைத்தாள்.

“எனக்குச் சொன்னது காணாது. அவளுக்குச் சொல்லுங்கோ.”

“அத்தான்!” அருள்ராணியின் குரல் துள்ளிக்கொண்டு வந்தது. “சோபிகா இப்பதான் மெசேஜ் போட்டவள். எனக்குக் கையும் ஓடேல்லை, காலும் ஓடேல்லை. எங்கட வீட்டிலை ஒரு பிள்ளையெண்டாலும் ஆசைப்பட்டதைப் படிக்கப்போகுது. நீங்கள் இருந்தபடியால்தான் அத்தான் இது நடந்தது. சொல்லுங்கோ, என்ன விசயமா எடுத்தனீங்கள்?”