சனிக்கிழமை மாற்றிய திரை

மண்ணூர்ப் பக்கத்து பிளாஸ்டிக் கம்பெனியில் இருந்ததே ஆறு கம்ப்யூட்டர். அதைக் கட்டி மேய்க்க இரண்டு பேர். ஒருவன் உள்ளூர்க் கலைமணி, இன்னொருவன் திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சிராஜ். 2004-இல், காசில்லாமல் கிடைக்கிறதே என்று மேனேஜர் முனிரத்தினம் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போடச் சொன்னாலும் சொன்னார், பிடித்தது சனி. லினக்ஸில் மெனுவும் படங்களும் காட்டும் திரை ஒன்றல்ல. கேடிஇ, க்னோம் என்று இரண்டு, பிடித்ததை வைத்துக்கொள்ளலாம். பேச்சிராஜுக்குக் கேடிஇ, கலைமணிக்கு க்னோம். டீக்கடையில் ஆரம்பித்தால் ஷிப்ட் சங்கு ஊதும்வரை ஓயமாட்டார்கள்.

“இன்னாய்யா அது, கலர் கலரா பொட்டிக்கடை மாதிரி கீது!” என்பான் கலைமணி.

“உம்ம க்னோம்ல என்னவே இருக்கு? வெறுஞ்செவரு” என்பான் பேச்சிராஜ்.

முதலில் கைவைத்தவன் பேச்சிராஜ் என்பதால் ஆறிலும் கேடிஇதான். கலைமணிக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

இந்தக் கூத்துக்கு நடுவில் பூமாரி. கோவில்பட்டிக்காரி, மோல்டிங் லைனில் எட்டு மணி நேரம் நின்று வேலை செய்யும் கான்ட்ராக்ட் பெண். மாதக் கடைசியில் கான்ட்ராக்ட் முடிகிறது. ஆபீசில் டேட்டா என்ட்ரிக்கு ஒரு நிரந்தர இடம் காலி, திங்கட்கிழமை டெஸ்ட். கிடைத்தால் இங்கே இருப்பாள், கிடைக்காவிட்டால் ஊருக்குப் பஸ் ஏறவேண்டியதுதான். இரண்டு மாதமாக மதியச் சாப்பாட்டைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு வந்து பேச்சிராஜிடம் பழகினாள். இங்கிலீஷ் அவ்வளவாக வராது. அதனால் இடத்தை மனப்பாடம் செய்தாள். கீழே இடது மூலை பட்டன், வரும் மெனுவில் மேலிருந்து மூன்றாவது, படத்தின்மேல் ஒரு தட்டு. கணக்குப் போடும் ஷீட் திறந்துவிடும்.

சனிக்கிழமை பேச்சிராஜ் கோயில் கொடை விழாவுக்குப் பத்து நாள் லீவில் ஊருக்குப் போனான். கலைமணி ஆறு மெஷினையும் க்னோமுக்கு மாற்றினான். ‘வரட்டும், மூஞ்சியைப் பார்க்கணும்’ என்று சந்தோஷமான சந்தோஷம். டெஸ்ட் ஞாபகம் வராமல் இல்லை. மெனு மேலே போயிருக்கிறது, ஒரு தட்டுக்குப் பதில் இரண்டு தட்டு, அவ்வளவுதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பாவி, அப்போதாவது நிறுத்தியிருக்கலாம்.

திங்கள் காலை நாலு பெண்கள் உட்கார்ந்தார்கள். முனிரத்தினம் வாட்சைப் பார்த்து, “பத்து நிமிஷம்” என்றார். மற்ற மூவரும் வெளியில் விண்டோஸ் படித்தவர்கள். இரண்டு தட்டு தட்டித் திறந்துகொண்டு போனார்கள். பூமாரியின் கை கீழ் இடது மூலைக்குப் போனது. அங்கே ஒன்றுமில்லை. ஷீட் படத்தைக் கண்டுபிடித்து ஒரு தட்டு தட்டினாள். படம் நீலமானது, திறக்கவில்லை. மடியில் கைகளை வைத்துக் காத்திருந்தாள். மறுபடி ஒரு தட்டு. மறுபடி காத்திருந்தாள்.

பிறகு திரும்பிக் கலைமணியைப் பார்த்தாள்.

கேடிஇ எங்கும் போய்விடவில்லை. அதே மெஷினில்தான் இருந்தது. லாக் அவுட் செய்து, மறுபடி உள்ளே நுழையும்போது வரும் பட்டியலில் அதைத் தேர்ந்தெடுத்தால் போதும். அரை நிமிட வேலை. ஆனால், “இந்தப் பொண்ணுக்குப் பேச்சிராஜோடதைப் போட்டுக் குடுக்கணும் சார்” என்று மேனேஜர் முன்னால் சொல்லவேண்டுமே! கலைமணி ஜன்னலைப் பார்த்தான்.

மாதக் கடைசியில் கம்பெனி ஐடி கார்டை ஒப்படைக்க வந்த பூமாரி அவன் மேஜையருகே தயங்கி நின்றாள்.

“அண்ணே, அன்னைக்கு நான் எதையும் அமுக்கிக் கெடுத்துட்டேனா? பேச்சிராஜ் அண்ணன் சொல்லிக் கொடுத்தது எதுவுமே அங்க இல்ல. அவருட்ட போன்ல கேக்க வெக்கமா இருக்கு.”

“இல்லமா... நீ ஒண்ணும் பண்ணல” என்றான்.

“நீங்க எனக்காகச் சொல்லுதீக” என்று சிரித்தாள். “மிசினு நல்லாருக்கில்லா? அது போதும்ணே.”

நான்தான் மாற்றினேன் என்று சொல்ல வாய் திறந்தான். “பாத்துப் போமா” என்றுதான் வந்தது. அவள் பையைத் தூக்கிக்கொண்டு தாம்பரம் பஸ்ஸுக்கு நடந்தாள்.

கலைமணி அவள் டெஸ்டுக்கு உட்கார்ந்த மெஷினில் போய் உட்கார்ந்தான். பட்டியலில் கேடிஇயைத் தேர்ந்தெடுத்தான். கீழ் இடது மூலையில் பட்டன் வந்து நின்றது. படத்தின்மேல் ஒரு தட்டு தட்டினான். ஷீட் திறந்துகொண்டது.