நாற்பத்தோராவது வாரம்

சிலுவை மாட்ட இடம் வேண்டும் என்று சுவரிலிருந்த வரைபடத்தாளின் ஆணியைச் சுத்தியலால் நெம்பிக்கொண்டிருந்தார் பிலவேந்திரன். பாக்கியமேரி எழுந்து போய் அவர் கையைத் தட்டிவிட்டாள்.

“அதத் தொடாதீங்க மாமா.”

“சாமியாரு வந்துகினு இருக்காரு. இந்தப் பூச்சிக் கணக்க வெச்சிகினா ஜெபம் பண்றது?”

கூடத்தில் சவப்பெட்டிக்குள் கிடந்தார் அவள் கணவர் பவுல்துரை, பிலவேந்திரனின் தம்பி. ஆரணியில் கணக்கு வாத்தியார். விடியும்போது மூச்சு நின்றுவிட்டது. மூன்று வருஷமாக அவள் உயிரை வாங்கியது அந்தத் தாள்தான். நெல் நிற்கிற காலமெல்லாம் புதன்கிழமை தோறும், மருந்தடிக்கிற அண்ணன் வயலிலும், வேப்பம்புண்ணாக்கு மட்டும் போடுகிற தன் வயலிலும் இருபது இருபது நெற்குத்துகளைத் தட்டி, விழுகிற புகையான் பூச்சியை எண்ணுவார். மழை, வெயில், மருந்து எல்லாம் சேர்த்துச் சூத்திரம் போட்டு, அடுத்த வாரம் எத்தனை வரும் என்று முன்கூட்டியே சொல்வார். அண்ணனுக்குச் சிவப்புக் கோடு, தனக்கு நீலக் கோடு. எண்ணியதைக் குறித்த புள்ளிகள் கோட்டை ஒட்டியே விழுந்தன. நாற்பத்தோராவது வாரத்து நீலப் புள்ளி மட்டும் உச்சியில் தனியாக நின்றது.

அது எண்பத்திரண்டு ஐப்பசி. அவருக்குக் காமாலை. எண்ணிவிட்டு வரச்சொல்லி அவளை அனுப்பினார். கொட்டுகிற மழை. அவள் பக்கத்து வீட்டில் உட்கார்ந்து, ஆத்திரத்தில் தோன்றியதை எழுதிக் கொடுத்தாள். அவர் வயலுக்கு வேண்டுமென்றே கூடுதலாக எழுதினாள். அப்படியாவது ஊரோடு ஒத்து மருந்தடிப்பார் என்று.

மனிதர் மருந்தடிக்கவில்லை. சூத்திரத்தைப் பதினோரு முறை மாற்றினார். காற்றா, நிலா வெளிச்சமா என்று துருவினார்.

“அந்த ஒரு புள்ளியத் தூக்கிப் போடுங்களேன்” என்றால், “நீ கண்ணால பாத்தத எப்படித் தூக்கிப் போடறது?” என்பார். அந்த நம்பிக்கையைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

நேற்றுச் சாயங்காலம்கூட, மூச்சு வாங்க வாங்க, “அன்னிக்கி வயல்ல தண்ணி நின்னுதா, பாக்கியம்?” என்றார்.

“பேஜாரு பண்ணாம படுங்க” என்றாள். காலையில் சொல்லிவிடலாம் என்றிருந்தாள்.

பிலவேந்திரன் துக்கத்துக்கு வந்தவர்கள் பக்கம் திரும்பினார். “நான் சொன்னத எங்க கேட்டான்? இதோ பாருங்க, இந்தப் புள்ளிய. மருந்தடிக்காத நெலத்துல பூச்சி எங்க ஏறி நிக்குது!”

“அது பொய்யி மாமா. நான் வயலுக்கே போவல. நானா எழுதனேன்.”

பிலவேந்திரன் தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இப்ப எதுக்கும்மா அதெல்லாம்” என்று சுத்தியலைக் கீழே வைத்தார்.

காலையில் கணவருக்குச் சட்டை மாட்டும்போது, பழக்கத்தில் அவளே பென்சிலையும் பையில் செருகியிருந்தாள். குனிந்து அதை எடுத்தாள். உச்சியில் நின்ற புள்ளியின் பக்கத்தில் ‘காரணம்:’ என்று எழுதி அவர் இடம் விட்டு வைத்திருந்தார். அங்கே எழுதினாள்: ‘போய்ப் பார்க்கவில்லை. பாக்கியமேரி.’

திரும்பி வந்து பென்சிலை அவர் பையில் வைத்தாள். முனை கீழே இருந்தால் சட்டையில் கரி படும் என்று தினமும் சண்டை. வெளியே எடுத்து, முனையை மேலே திருப்பிச் செருகினாள்.