அமுக்குங்க டீச்சர்

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில் இருந்த சின்ன இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்கு 1986-ல் ஒரு கம்ப்யூட்டர் வந்துசேர்ந்தது. கடையநல்லூர் நூர்நிஷா மகளைச் சேர்த்த கையோடு, துபாயிலிருக்கும் கணவர் அனுப்பியதென்று கொண்டுவந்து கொடுத்தாள். அதை டி.வி.யோடு பொருத்தி, டேப் ரிக்கார்டரில் கேசட்டைப் போட்டால் விளையாட்டு வரும். திரையில் ஒரு சொல் மின்னி மறையும். அடுத்து மூன்று சொற்கள் வரும். பார்த்த சொல்லின் எண்ணை அமுக்கினால் தவளை கல் தாண்டும். தாமதித்தால் தண்ணீரில் விழும்.

எழுத்துக் கூட்டாமல் பார்த்ததுமே படிக்கவேண்டிய இங்கிலீஷ் சொற்கள் அவை: வாஸ், செட், தேர், வென்ட். முன்பெல்லாம் ஒன்றாம் வகுப்பு டீச்சர் முத்துவடிவு ஒவ்வொன்றையும் இருபது தடவை எழுதச் சொல்வாள். பிள்ளைகள் அழுதுகொண்டே எழுதுவார்கள். இப்போது அவள் சொல்லை உரக்கப் படித்து அமுக்க, பிள்ளைகள் பின்னால் நெருக்கியடித்துக்கொண்டு பார்த்தார்கள். அவர்கள் கைபட்டால் பெட்டி கெட்டுவிடும் என்றாள். அது பொய்யில்லை, முழு உண்மையுமில்லை. தவளை பதினைந்து கல் தாண்டிய அன்று பஸ்ஸில் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு போனதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

பள்ளி நிர்வாகி வல்லிநாயகம் ஒருநாள் வந்தார். "டி.வி. பாக்கவா பிள்ளையள அனுப்புதோம்னு பெத்தவுக கேக்காவ, டீச்சர். வெள்ளிக்கிழம வாரேன். வாசிச்சா பெட்டி இருக்கட்டும். இல்லன்னா திருப்பிக் குடுத்துருவோம்."

திருப்பிக் கொடுத்தால் மறுபடியும் இருபது தடவை. முத்துவடிவுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

சாரல் காலம், பள்ளி ஓடு ஒழுகும். அதனால் கேசட்டை நூர்நிஷாதான் வீட்டுக்குக் கொண்டுபோய் மறுநாள் கொண்டுவருவாள். வெள்ளிக்கிழமையும் கொண்டுவந்தாள். கேசட்டை ஓடவிட்டால், விளையாட்டு பதிந்திருக்கும் கிரீச்சென்ற ஒரு கூச்சல் முதலில் வரவேண்டும். அதைக் கேட்டபிறகுதான் முத்துவடிவு கம்ப்யூட்டர் ஒயரை அதில் சொருகுவாள். நிர்வாகி நாற்காலியில் சாய்ந்திருக்க, அவள் பொத்தானை அமுக்கினாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும் மச்சான். சொகமா இருக்கியளா?" என்றது டேப் ரிக்கார்டர். "நீங்க அனுப்புன பெட்டியப் பள்ளிக்கூடத்துல வச்சிருக்காவ. முத்துவடிவு டீச்சர் தங்கமான மனுஷி. ஆனா பிள்ளையளத் தொட விடமாட்டேங்காவ. அவுகளேதான் விளையாடுதாவ. தவள விழுந்தா அவுக மூஞ்சி சுண்டிப்போறதப் பாக்கணுமே..."

நூர்நிஷா பாய்ந்து நிறுத்தினாள். கடிதத்துக்குப் பதிலாகப் பேசித் துபாய்க்கு அனுப்பும் கேசட் அது. துபாய்க்குத் திரும்பும் ஊர்க்காரர் ஒருவரிடம் காலையில் கொடுத்தனுப்பியது எது என்று இப்போது விளங்கிவிட்டது.

"அப்ப தவள எங்கன?" என்றார் வல்லிநாயகம்.

"துபாய்க்குப் போயிட்டு, அண்ணாச்சி. அந்தக் கூச்சலக் கேட்டு, நான்தான் கோவத்துல கத்துதேன்னு அவுக நெனைக்கப்போறாவ."

வல்லிநாயகம் வயிறு குலுங்கச் சிரித்தார். முத்துவடிவின் காது சுட்டது. நூர்நிஷா மேல் கோபம் வருமா என்று உள்ளே தேடிப்பார்த்தாள், வரவில்லை. சுண்டிய தன் முகத்தை இத்தனை நாளும் யாரோ பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள் என்ற கூச்சம்தான் இருந்தது.

"சரி, வாசிக்கச் சொல்லுங்க," என்றார் அவர்.

அவள் சாக்பீஸை எடுத்தாள். கரும்பலகைப் பக்கம் திரும்பினாள். தொடக்கூட விடாத பிள்ளைகள் என்னத்தைப் படித்திருக்கப்போகிறார்கள்? முதல் சொல்லின் கடைசி எழுத்து முடியுமுன் பின்னாலிருந்து ஒரே கத்தல்: "செட்!"

அடுத்ததுக்கு, "வாஸ்!"

மூன்றாவதாக எதை எழுதுவதென்று ஒரு கணம் நின்றாள்.

"சீக்கிரம் அமுக்குங்க டீச்சர், விழுந்துரப்போறிய!" என்றாள் முதல் பெஞ்சுச் சிறுமி குழல்வாய்மொழி.

முத்துவடிவு அமுக்கத் தாமதித்த ஒவ்வொரு தடவையும் இந்தக் கூட்டம் முதுகுக்குப் பின்னால் கத்தியது இப்படித்தான். அதை அவள் தொந்தரவு என்று நினைத்திருந்தாள். பன்னிரண்டு சொற்கள் எழுதினாள். ஒன்றில் மட்டும் வகுப்பு இரண்டு கட்சியானது.

"பெட்டி இருக்கட்டும்," என்று எழுந்தார் வல்லிநாயகம்.

அவர் போனதும் முத்துவடிவு நூர்நிஷாவிடம் மெல்லச் சொன்னாள். "இனிமே பிள்ளையளையே அமுக்க விடுதேன். அடுத்த கேசட்டுல உங்க வீட்டுக்காரர்கிட்ட மாத்திச் சொல்லிரும்மா."

"மொதல்ல விடுங்க டீச்சர். பாத்துட்டுச் சொல்லுதேன்."