இரண்டு முன்பாய்கள்

சென்னையில் படகுகள் நிறுத்தும் தளத்தின் மேற்பார்வையாளர் துர்காவை உட்காரக்கூடச் சொல்லவில்லை. அவள் கணவன் கஜபதியின் வலது கை அவர்களுடைய படகின் கயிறு சுற்றும் உருளையில் சிக்கி, இரண்டு விரல்கள் போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. மிச்ச விரல்கள் மடங்கின, ஆனால் எதையும் இறுக்கிப் பிடிக்கவில்லை. இருபத்தாறு அடி பாய்மரப் படகை இரண்டு பேர் ஓட்டுவதே சிரமம், இப்போது நீங்கள் ஒன்றரை ஆள், நல்லபடியாக விற்றுவிடுங்கள் என்றார் அவர்.

"அரை ஆளு யாருங்க?" என்று துர்கா கேட்டாள்.

அவர் பக்கத்தில் நின்ற கஜபதியின் கையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அந்த வாரமே இடத்தைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தது.

கஜபதி கடற்படையில் இருபது வருஷம் இருந்தவன். யாரோ கைவிட்டுப் போன அந்தப் படகை வாங்கிப் பழுதுபார்த்தவன். துர்கா அவனுக்கு மாமன் மகள், அவனைப் பாவா என்றுதான் கூப்பிடுவாள். அவளைப் பெற்றவர்கள் திருத்தணியைச் சுற்றிய வயல்களில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். நாற்பது வயதுக்கு மேல்தான் அவள் நீச்சல் கற்றாள், அதன் பிறகு பாய் இழுக்கக் கற்றாள். இருவரும் மட்டும் விசாகப்பட்டினம் வரை ஓட்டிக்கொண்டு போவது என்று முடிவு செய்திருந்தார்கள். விபத்துக்குப் பிறகு அவன் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

படகு லாரியில் ஏறித் திருத்தணிக்கு வந்தது. ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தால் இரண்டு நாள் ஊருக்கு வெளியே நின்று, பிறகு சித்தூர் ரோட்டை ஒட்டிய அவர்களுடைய வேர்க்கடலை நிலத்தில் இரும்புக் கால்களின் மேல் உட்கார்ந்தது. மலையிறங்கி வந்தவர்களெல்லாம் நின்று பார்த்தார்கள். கடல் எந்தப் பக்கம் என்று சிலர் கேட்டார்கள். துர்கா கிழக்கே கை காட்டிவிட்டு வேலையைப் பார்த்தாள்.

அவளை உறுத்தியது ஒன்றுதான். பாய்மரத்துக்கு முன்னால் இருந்தது ஒரே பெரிய பாய். காற்று ஏறினால் அதை அடக்க வலுவான இரண்டு கை வேண்டும், அதுவும் படகின் நுனிக்கே போய். அந்த வேலையைக் கஜபதி செய்துவந்தான்.

"பாவா, அந்தப் பாயை ரெண்டா பிரிச்சிட்டா இன்னா?" என்று ஒரு காலையில் கேட்டாள்.

அவன் இடது கையால் சுண்ணாம்புக் கட்டியை எடுத்துச் சிமெண்டுத் தரையில் கோணல்மாணலாகப் படகை வரைந்தான். நுனியில் ஒரு பாய். அதற்கும் பாய்மரத்துக்கும் நடுவே, உள்ளே தள்ளி, இன்னொரு சின்னப் பாய். கட்டர் என்று இதற்குப் பெயர், ஆள் குறைந்த படகுக்கு ஏற்றது என்றான். இரண்டுமே சிறியவை என்பதால் ஒருத்தியே சமாளிக்கலாம். பலத்த காற்றில் வெளிப் பாயைப் பின்னாலிருந்தே கயிற்றால் சுருட்டிவிட்டு உள் பாயை மட்டும் வைத்துக்கொள்ளலாம், நுனிக்குப் போக வேண்டியதில்லை. விபத்துக்குப் பிறகு அவன் அவ்வளவு பேசியது அன்றுதான்.

லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கும் பஞ்சாட்சரத்திடம் பழைய பாயைக் கொண்டுபோனார்கள். அவர் துணியைத் தடவிப் பார்த்துவிட்டு, இது தன் வேலை இல்லை என்றார். நடுக்கடலில் கிழிந்தால் உங்களைத் திட்ட நாங்கள் திரும்பி வரமாட்டோம் என்று துர்கா சொன்னதும் சிரித்துவிட்டு மெஷினில் உட்கார்ந்தார். எட்டு ஊசி உடைந்தது. மூலைகளில் மூன்று அடுக்குத் தையல் போட்டுக் கொடுத்தார்.

பாய்மரத்தைத் தூக்கி நிறுத்தியது போர்வெல் லாரி. உள் பாய்க்கான கம்பியை மேல்தளத்தில் மட்டும் மாட்டினால் தளமே பெயர்ந்து வரும் என்று, அடியில் உள்ள தடுப்புப் பலகை வரை இரும்புப் பட்டை கொடுத்து இறுக்கினார்கள். கம்பியை முறுக்க முறுக்கப் பாய்மரத்தின் நடுப்பகுதி முன்னால் வளைந்ததைத் தள்ளி நின்று பார்த்த துர்காதான் கண்டுபிடித்தாள். பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்க இரண்டு பக்கமும் ஒவ்வொரு கம்பி கட்டினார்கள். லேசான காற்றில் அவற்றை அவிழ்த்து ஓரமாகக் கட்டிவிடலாம். இல்லையென்றால் படகு திரும்பும்போதெல்லாம் ஒன்றைத் தளர்த்தி மற்றதை இறுக்கும் வேலை அவள் தலையில் விழும்.

அவளுடைய அண்ணன் வீரபத்திரன் ஒருநாள் வந்து ஏணியடியில் நின்றான். கஜபதி மேலே இருக்கும்போதே பேசினான்.

"மச்சானுக்குக் கை இல்ல. நடுக்கடல்ல அவருக்கு ஒண்ணு ஆச்சின்னா நீ இன்னா பண்ணுவ? பொம்பள தனியா அழுதுகினு கெடப்பியா?"

துர்கா ஏணியில் இறங்கி வந்தாள். கோபத்தில் அவள் குரல் தாழ்ந்துவிட்டிருந்தது.

"அவருக்கு ஒண்ணு ஆனா நான்தான் ஓட்டணும். அதுக்குத்தான் இவ்ளோ வேலையும். நீ நின்னு பாரு, இல்லாட்டி போ."

அவன் போகவில்லை. காற்று மெதுவாக இருந்த அந்தக் காலையில், கஜபதியைத் தொடவிடாமல், அவள் ஒருத்தியே வெளிப் பாயை விரித்தாள், சுருட்டினாள், உள் பாயை ஏற்றினாள், இறக்கினாள். மூன்று தடவை. வீரபத்திரன் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். அவன் மனம் மாறியதாக அவள் நினைக்கவில்லை.

அடுத்த ஏப்ரலில் படகை மறுபடி லாரியில் சென்னைக்குக் கொண்டுபோய்க் கடலில் இறக்கிப் பாய் விரித்தார்கள். இரண்டு நாள் தென்காற்று நன்றாக இருந்தது. மூன்றாம் நாள் பிற்பகல், கிருஷ்ணா கடலில் கலக்கும் இடத்துக்கு வெளியே, மேற்கு வானம் கறுத்தது. கஜபதி சுக்கானை இடது அக்குளில் இடுக்கிக்கொண்டு, இப்போதே சுருட்டு என்றான். அவள் காற்று வரும் பக்கத்துப் பின்கம்பியை இறுக்கினாள், உட்கார்ந்த இடத்திலிருந்தே கயிற்றை இழுத்து வெளிப் பாயைச் சுருட்டினாள், பாய்மரத்துக்குப் பின்னால் இருந்த பெரிய பாயை இறக்கிக் கட்டினாள். காற்று அறைந்தபோது உள் பாய் மட்டும்தான் மிஞ்சியிருந்தது. படகு சாய்ந்தது, நிமிர்ந்தது, பிறகு ஓடியது. அவிழ்ந்திருந்த எதிர்ப்பக்கக் கம்பியின் கொக்கி வீசியடித்து அவள் நெற்றியைக் கிழித்தது. ரத்தம் கண்ணில் இறங்க, தட்டுத்தடுமாறி அதைப் பிடித்துக் கட்டினாள். அதை முதலிலேயே கட்டாதது தன் தப்பு என்று அவளுக்குத் தெரிந்தது. அதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள், ஆனால் பயம் வரவில்லை. ஒன்றேகால் மணி நேரம் பஞ்சாட்சரத்தின் தையல் அசையவில்லை.

சுக்கானின் ஆணி தேய்ந்துபோனதால் காக்கிநாடாவில் ஒதுங்கினார்கள். ஆஸ்பத்திரியில் அவள் நெற்றியில் நான்கு தையல் போட்டார்கள். வீரபத்திரன் போனில் கூப்பிட்டு, போதும், படகை அங்கேயே விட்டுவிட்டு ரயிலில் வந்துவிடுங்கள் என்று கெஞ்சினான். அழுதுகொண்டிருந்தான் போலிருந்தது. அவள் முதல் தடவையாக அவனிடம் பொறுமையாகப் பேசினாள். ஆணி மாற்ற இரண்டு நாள் ஆகும், அதன் பிறகு காற்றைப் பொறுத்துக் கிளம்புவோம் என்றாள்.

"எங்க?" என்றான் அவன்.

"விசாகப்பட்டினம்தான்" என்றாள்.

போனை வைத்துவிட்டு வந்தபோது, கஜபதி அவள் நெற்றியைக் கிழித்த அந்தக் கொக்கியை இரண்டு விரல் குறைந்த கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மற்ற கையால் அதன் மேல் தோல் பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தான். அவள் பட்டையைத் தைக்க ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.