அரத்தால் ராவிய எண்

முதலில் கண்ணில் பட்டது குங்குமம். ரிவால்வர் பிடியின் திருகாணிப் பள்ளத்தில், காய்ந்த சந்தனத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இடுக்கியை மேஜையில் வைத்துவிட்டேன்.

நொச்சிக்குப்பத்தில் ஒரு படகில், ஹெராயின் பொட்டலங்களோடு சிக்கிய துப்பாக்கி அது. எண்ணை யாரோ அரத்தால் ராவியிருந்தார்கள். 'கடல் தாண்டி வந்த ஆயுதம்' என்று போலீஸ் குறிப்பு அடித்துச் சொன்னது. படகுக்காரர் மண்ணாங்கட்டி ஜெயிலில். அழித்த எண்ணை மீட்டுத் தருவது தடய ஆய்வகத்தில் என் வேலை.

படகுக்காரர் மனைவி தேவானை நான்கு நாளாக வாசலில் என்னை மறிக்கிறாள். "படகை வாடகைக்கு உட்டதுதாம்மா அது செஞ்ச தப்பு. துப்பாக்கி எங்கேந்து வந்துச்சுன்னு அதுக்கு இன்னா தெரியும்? நீயாச்சும் பாத்துச் சொல்லு."

"இருக்கறதைத்தான் எழுதுவேன்" என்று பெரிய இவள் மாதிரி பதில் சொல்லியிருந்தேன்.

அப்பா தேயிலைத் தோட்ட மேனேஜர். ஓய்வு பெற்று மயிலாப்பூர் வந்த பிறகும், அங்கே காவலுக்கு வைத்திருந்த ரிவால்வரை விடவில்லை. ஆயுத பூஜைக்கு அம்மா அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்து, தையல் மெஷினுக்கும் அரிவாள்மணைக்கும் நடுவில் வைப்பாள். லைசென்ஸ் புதுப்பிக்கும் படிவத்தை ஒவ்வொரு தடவையும் நிரப்பியவள் நான். ஐந்து இலக்க எண், தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அப்பா போனதும் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டதாக அண்ணா சாய்நாத் சொன்னான். ஆய்வகத்தில் கையெழுத்தில்லாத தடயக் கவரைத் தொடாத நான், அவனிடம் மட்டும் ரசீது கேட்கவில்லை.

அவன் ஆபீசுக்குப் போன் செய்தேன். "அப்பாவோட ரிவால்வர் என் மேஜைக்கு வந்திருக்கு."

"பண்ணைக் காவலுக்குன்னு ஒருத்தன் கேட்டான், குடுத்தேன். நீரஜா, நம்பரைத்தான் ராவியாச்சே, வரலைன்னு எழுதிடேன். ஆத்துல அம்மா இருக்கா, நெனைச்சுப் பாரு."

ராவியிருப்பதை நான் அவனிடம் சொல்லவே இல்லை.

உட்கார முடியவில்லை. மின்விசிறியைப் போட்டேன், அணைத்தேன். வாசல் வரை போனேன். தேவானை எழுந்து நின்றாள். உள்ளே திரும்பினேன். அவனைவிட என் மேல்தான் எனக்குக் கோபம்.

அமிலம் தொட்டுத் தேய்த்தால் அழிந்த எண் மெல்ல எழும்பும், சற்று நின்று மங்கிவிடும். அதற்குள் படம் எடுக்க வேண்டும். கூடுதலாகத் தேய்த்தால் ஒரேயடியாகப் போய்விடும். ஏன் போயிற்று என்று என்னை யாரும் கேட்கப்போவதில்லை.

பஞ்சை நனைத்தேன். பிறகு போட்டோகிராபர் ஷஃபியுல்லாவைக் கூப்பிட்டேன்.

அவர் கேமராவில் குனிந்தார். "நாலு... ஒண்ணு... மூணாவது இன்னும் வரலை மேடம்."

"ஏழு" என்றேன். "அப்புறம் பூஜ்யம். கடைசியில ஆறு."

அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். இரும்பில் இரண்டு இலக்கம்தான் தெரிந்தது.

"மீதியை வேற யாராவது வந்து தேய்க்கட்டும்" என்று பஞ்சைக் கீழே வைத்தேன். "இது எங்காத்துத் துப்பாக்கி."