தீ டப்பா

மகளின் முதுகுப்பைக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள் அவள். கனத்த காலுறை ஒரு ஜோடி வேண்டும், கூடத்தில் கிடத்தியிருக்கும் புருஷனுக்குப் போட. கால் விரல்கள் கறுத்துப்போயிருக்கின்றன, வருகிறவர்கள் கண்ணில் பட வேண்டாம் என்று உடலைக் கொண்டுவந்த வண்டிக்காரர் பதமாகச் சொல்லியிருந்தார். இந்த வீட்டில் கம்பளிக் காலுறை என்று ஒன்று இருந்தால் அது இந்தப் பையில்தான் இருக்கும்.

காலுறை அகப்படவில்லை. டப்பாதான் அகப்பட்டது.

பழைய பிஸ்கட் டப்பா. மூடியைச் சுற்றி சைக்கிள் டியூபில் வெட்டிய ரப்பர். உள்ளே என்ன என்று திறந்து பார்க்கத் தேவையில்லை. லைட்டர், தீப்பெட்டி, தீ பற்றவைக்க வாஸலின் தடவி உருட்டிய பஞ்சு. அந்தப் பஞ்சை உருட்டுகிறேன் பேர்வழி என்று அப்பாவும் மகளுமாகச் சமையலறை முழுக்கப் பிசுபிசுப்பாக்கி அவளிடம் வாங்கிக்கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமா!

முதலில் ஒன்றும் உறைக்கவில்லை. பிறகு உறைத்தது. அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

மலைக்காட்டுக்குப் போவதென்றால் பை கட்டுவது மகள்தான். அவர் லிஃப்ட் பழுதுபார்க்கிற மனுஷர், ஸ்பானரைத் தவிர வேறெதையும் எடுத்த இடத்தில் வைத்துப் பழக்கமில்லை. மகள் கண்ணாடிக் கடையில் மூக்குக்கண்ணாடி பொருத்துகிறவள், எதிலும் ஒரு அளவு பார்ப்பாள். தூங்கும் பை அடியில், கனமான சாமான் முதுகை ஒட்டி, மழைச்சட்டை எல்லாவற்றுக்கும் மேலே. ஆள் இரண்டு, பை இரண்டு, சாமான் மட்டும் ஒரு செட். கூடாரமும் பாத்திரமும் கைக்கோடரியும் அப்பா பையில், தீ டப்பாவும் மருந்தும் மகள் பையில். எதற்கு எல்லாவற்றையும் இரட்டையாகச் சுமக்க வேண்டும் என்பாள்.

இந்த முறை கடையில் ஆள் குறைவு, மகளுக்கு லீவு கிடைக்கவில்லை. ஆனாலும் அவள்தான் பையைக் கட்டிக் கொடுத்தாள், ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு யாருடனோ சிரித்துப் பேசியபடி. கை தன் பாட்டில் எப்போதும் போலக் கட்டியது. பாதிப் பை, அப்பாவின் பங்கு மட்டும். அவர் திறந்தும் பார்க்கவில்லை. மகள் கட்டிய பையை அவர் எந்தக் காலத்தில் திறந்து பார்த்தார்?

ஓடையில் தண்ணீர் எடுக்கப் போய், வழுக்கி விழுந்து, கால் முறிந்து, நனைந்த உடம்போடு கூடாரம் வரை தவழ்ந்து வந்திருக்கிறார். அங்கே குளிர் அவரை முடித்துவிட்டது. இதுவரை சொல்லப்பட்டது அவ்வளவுதான்.

மகளுக்கு இன்னும் உறைக்கவில்லை. அழுது அழுது மூளை மரத்துக் கிடக்கிறாள். ஆனால் உறைக்கும். இன்றைக்கில்லாவிட்டால் நாளைக்கு. அப்புறம் அந்தப் பெண் என்ன ஆவாள்? அவர் போனது போனதுதான், அதற்கு அழலாம். இதற்கு அழ முடியவில்லை, பயம்தான் வந்தது. இவளையும் இழந்துவிடுவேனோ என்கிற பயம். டப்பாவைத் துண்டில் சுற்றி இடுப்போடு அணைத்துக்கொண்டாள்.

கூடத்தில் புதுக்குரல் ஒன்று கேட்டு வெளியே வந்தாள். வனக்காவலர் வந்திருந்தார், கையில் சேறு காய்ந்த முதுகுப்பை. அவளுடைய அண்ணன் ஏற்கெனவே அவரைப் பிடித்துக்கொண்டிருந்தான். வீட்டில் அவனுக்கு ரேடியோ என்று பெயர். நிறுத்தவும் முடியாது, சத்தத்தைக் குறைக்கவும் முடியாது.

"ஏன் சார், இத்தனை வருஷமா காட்டுக்குப் போற ஆளு. ஒரு தீ மூட்டியிருந்தா தப்பிச்சிருப்பாருல்ல?"

"அதான் எங்களுக்கும் புரியல. சுள்ளியெல்லாம் வெட்டி அடுக்கித்தான் வெச்சிருந்தாரு. பைய மொத்தமா கொட்டி எதையோ தேடியிருக்காரு..."

"அண்ணே!" என்று கத்தியேவிட்டாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "சாருக்கு உக்கார ஒரு நாற்காலி போடக்கூடாதா? நிக்க வெச்சே பேசிட்டிருக்கியே!"

காலம் கடந்துவிட்டது. அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மகள் நிமிர்ந்திருந்தாள்.

"பையக் கொட்டித் தேடினாரா?"

மகள் எழுந்து வந்து பையை வாங்கி, தரையில் வைத்துத் திறந்தாள். பாத்திரம், கோடரி, நனைந்து கனத்த தூங்கும் பை. ஒவ்வொன்றாக வெளியே வந்தது.

"இப்ப எதுக்குடி அது? அப்புறம் பாத்துக்கலாம், வா."

மகளின் கை நின்றது. "அம்மா, என் பை எங்க?"

பதிலுக்குக் காத்திராமல் அறைக்குள் ஓடினாள். இவளும் பின்னாலேயே ஓடிக் கதவைச் சாத்தினாள். அதற்குள் மகள் பையைக் கட்டிலில் கவிழ்த்துவிட்டிருந்தாள். மருந்துப் பெட்டி, கயிறு, அடியில் கம்பளிக் காலுறை.

"தீ டப்பா இதுலயும் இல்ல. நான் அவர் பையில வைக்கலம்மா. வெச்ச ஞாபகமே இல்ல. அம்மா, நான் வைக்கவே..." குரல் மேலே மேலே போய்க்கொண்டிருந்தது. கண்கள் எங்கேயோ நிலைகுத்தி நின்றன.

அம்மா அந்த முகத்தைப் பார்த்தாள். யோசிக்கவில்லை. துண்டைப் பிரித்தாள்.

"இந்தா. உன் பையிலதான் இருந்துச்சு. நான்தான் போட்டேன்."

"என்ன?"

"கிளம்பற அன்னிக்கு அப்பா இதை எடுத்துத் தன் பையில வெச்சிருந்தாரு. நீ இல்லாம தனியாப் போறோம்னு அவருக்குத் தெரியாதா? சாப்பாட்டுப் பொட்டலம் வைக்கலாம்னு நான் திறந்தேன். இடம் பத்தல. இது உன் சாமானாச்சேன்னு எடுத்து உன் பையில போட்டுட்டேன்."

வாழ்நாளில் இவ்வளவு கோர்வையாக அவள் பொய் சொன்னதில்லை.

"அப்பா எடுத்தாரா? நீயே பாத்தியா?"

"பாத்தேன்."

"அவர்கிட்ட சொன்னியா, எடுத்துட்டேன்னு?"

"இல்ல."

"ஏம்மா?"

"தோணல."

மகள் அவளையே பார்த்தாள். நம்பிவிடு, நம்பித் தொலையேன் என்று இவள் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. நம்பினால் பழி யார் மேல் விழும் என்றும் தெரிந்தேயிருந்தது.

மகள் நம்பினாள். நிலைகுத்திய கண் அசைந்தது, மூச்சு இறங்கியது. பிறகு அந்தக் கண்ணில் வேறொன்று வந்தது. இருபத்தாறு வருஷத்தில் அம்மா ஒருநாளும் பார்க்காதது.

"விறகு வெட்டி வெச்சுட்டுத் தேடியிருக்காரும்மா," என்றாள் மெதுவாக. டப்பாவை வாங்கவில்லை.

அம்மா குனிந்து காலுறையை எடுத்தாள். "குடு, நான் போடறேன்," என்றாள் மகள், ஏற்கெனவே பிடுங்கியிருந்தாள். கூடத்துக்குப் போய் அப்பாவின் காலடியில் உட்கார்ந்து, விரல் விரலாகத் தடவி, தானே மாட்டினாள். இவள் கிட்டே போனபோது தோளைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டாள். பக்கத்தில் நின்றவர்களுக்கு அது தெரிந்திருக்காது.

அவரை வண்டியில் ஏற்றியபின் ரேடியோ அண்ணன் அவளைக் கைத்தாங்கலாகப் பின் இருக்கையில் உட்கார வைத்து, பக்கத்தில் மகளுக்கு இடம் விட்டான். மகள் சுற்றிக்கொண்டு போய் முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் ஏறிக் கதவை இழுத்துக்கொண்டாள்.

வண்டி நகர்ந்தது. முன் இருக்கைக்கு மேலே மகளின் பின்கழுத்து மட்டும் தெரிந்தது. அவசரத்தில் மாட்டிய சட்டை, காலரில் லேபிள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கை நீட்டினால் எட்டும் தூரம். அவள் இரண்டு கைகளையும் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.