முப்பத்தொரு மணி நேரம் தாங்குமா?

1

இந்தக் கதை எனக்கு ஒரு கடையில் கிடைத்தது. சார்ஜர் வயர் வாங்கப் போயிருந்தேன். எனக்கு முன்னால் ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி, கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த மியூசிக் பிளேயர்களைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பயணத்துக்கு வேண்டும் என்றார். கடைக்காரர் எத்தனை ஆயிரம் பாட்டு, என்ன எடை, எவ்வளவு துல்லியம் என்று ஒப்பித்துக்கொண்டே போனார். அவர் மூச்சு வாங்க நிறுத்தியபோது பெண்மணி கேட்டார்.

"அதெல்லாம் இருக்கட்டும் தம்பி. இதை மாட்டிக்கிட்டா, பக்கத்துல இருக்கறவங்க பேச்சு எத்தனை மணி நேரம் காதுல விழாம இருக்கும்?"

கடைக்காரர் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். அதில் அப்படி எதுவும் அச்சிட்டிருக்கவில்லை.

பக்கத்தில் உட்காரப் போவது யார் என்று கேட்க எனக்கு வாய் துடித்தது. கேட்கவில்லை. தெரியாதவர்களிடம் நான் பேசுவதில்லை. வீட்டுக்கு வந்து அவர்களைப் பற்றி எழுதிவிடுவேன். (இதில் எது அதிக மரியாதை என்று இன்னும் முடிவு செய்யவில்லை.)

2

முதல் தொடக்கம்: "மழை விட்டிருந்த—"

அன்று மழையே பெய்யவில்லை.

இரண்டாவது: "இசை என்பது மனித மனத்தின்—"

எனக்கே கொட்டாவி வந்தது.

மூன்றாவது: "அம்மா சித்தியுடன் பேசி ஆறு வருடம் ஆகிறது."

இது நிற்கிறது. கடையில் பார்த்த பெண்மணி இனிமேல் அம்மா. ரயிலில் பக்கத்து இருக்கையில் வரப்போவது அவருடைய தங்கை. இருவருக்கும் தம்பியான மாமா, தன் புது வீட்டைப் பார்க்க வரச்சொல்லி, அவரே டிக்கெட் போட்டு அனுப்பியிருக்கிறார். முப்பத்தொரு மணி நேரப் பயணம். "வேற சீட்டே கிடைக்கல அக்கா" என்று சத்தியம் செய்தார். அந்தப் பெட்டியில் பதினேழு இருக்கைகள் காலி.

சண்டைக்குக் காரணம் வேண்டுமே. முதலில் சொத்துத் தகராறு என்று எழுதினேன். மூன்று பக்கம் தாண்டியதும் எல்லோரும் வக்கீல் மாதிரிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். கிழித்துப் போட்டேன். இப்போதிருக்கும் காரணம் இதுதான்: அம்மா டிரைவிங் டெஸ்டில் நான்கு முறை தோற்றார். சித்தி அதை உறவினர் கூட்டத்தில் நடித்துக் காட்டினார். "ரிவர்ஸ் எடுங்கன்னா, இவ கதவைத் திறந்து இறங்கிப் போய், பின்னாடி யாராவது இருக்காங்களான்னு பார்த்துட்டு வந்தா!" வீடே சிரித்தது. எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் அம்மா. வீட்டுக்கு வந்தார். சித்தியின் எண்ணை போனிலிருந்து எடுத்துவிட்டார்.

3

அம்மாவுக்கு ஒரு மகள். கதை இனி அவள் பக்கத்தில் நின்று நடக்கும்.

கடைகளிலும் ஆலைகளிலும் உள்ள எடைக்கருவிகளைச் சரிபார்ப்பது அவள் வேலை. எடை பார்க்க வைக்கும் படிக்கற்கள் அடங்கிய பெட்டியுடன் போவாள். ஒவ்வொரு கல்லையும் மூன்று முறை வைத்து, மூன்று முறை படித்து, மூன்றையும் எழுதுவாள். சரியாக இருந்தால் ஒட்டுத்தாள் ஒட்டுவாள். எழுதிய எண் தவறு என்று பிறகு தெரிந்தால், யாருக்குச் சொன்னாளோ அவருக்கே திரும்பப் போய்ச் சொல்லுவாள். மழையிலும் போயிருக்கிறாள். சித்தி அவளுக்கு வைத்த பெயர் 'தராசு'.

தராசுக்கு ஓர் ஆசை உண்டு: அம்மாவும் சித்தியும் மறுபடி பேசவேண்டும். அவள் சித்தி வீட்டுக்குப் போய் வரும் நாட்களில் அம்மா ஒன்றும் கேட்கமாட்டார். ஆனால் அன்று மாலை முழுக்க, மகள் எந்த அறையில் இருக்கிறாளோ அந்த அறையில்தான் அம்மாவுக்கு வேலை இருக்கும். மடித்த துணியையே திரும்ப மடிப்பார். சித்தி சொன்ன வேடிக்கை ஏதாவது மகள் வாயிலிருந்து வருகிறதா என்று காத்திருப்பார். வந்தால், முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னலைத் துடைப்பார்.

முப்பத்தொரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்தால் இருவரும் பேசிவிடுவார்கள் என்று மகள் நம்பினாள். பாட்டுப் பெட்டி வந்து அதைக் கெடுக்கப் பார்க்கிறது.

"போன்லயே பாட்டு கேட்கலாமே அம்மா?"

"நடுவுல யாராவது கூப்பிடுவாங்க. எடுக்கணும். பேசணும். பேச ஆரம்பிச்சா அவ உள்ளே நுழைஞ்சிடுவா."

(ரயிலில் சார்ஜ் போடும் வசதி இருக்குமே என்று கேட்பீர்கள். இருக்கிறது. சித்தியின் இருக்கைக்கு அந்தப் பக்கம். சித்தியிடம் கேட்டால்தான் வயர் போகும்.)

4

கடையிலிருந்து இரண்டு பிளேயர்கள் வீட்டுக்கு வந்தன. ஒரு வாரம் வைத்துப் பார்த்து ஒன்றைத் திருப்பிக் கொடுக்கலாம்.

சாம்பல் நிறப் பிளேயர் சோப்புக் கட்டி அளவு. பொத்தான்கள் வைத்தது. அம்மாவின் கட்டைவிரல் பார்க்காமலேயே அவற்றைக் கண்டுபிடித்தது. நீல நிறத்துக்குத் தொடுதிரை. அம்மா தொட்டால் ஒன்று பாட்டு மாறும், இல்லையென்றால் மொழி மாறும்.

"எனக்கு இந்தச் சாம்பல்தான் பிடிச்சிருக்கு. ஆனா முப்பத்தொரு மணி நேரம் தாங்குமா?"

மகள் இரண்டையும் அலுவலக மேசையில் வைத்து முழுச் சார்ஜில் ஓடவிட்டாள். பாட்டு ஓடும்வரை இரண்டிலும் எரியும் சின்ன விளக்குக்கு எதிரே பழைய போன் ஒன்றை நிறுத்தி, நிமிடத்துக்கு ஒரு படம் எடுக்க வைத்தாள். சாம்பல் பதினான்கு மணி நேரம் இருபது நிமிடத்தில் நின்றது. நீலம் முப்பத்தெட்டு மணி நேரம் ஓடியது.

ஆக, அம்மாவுக்குப் பிடித்தது பாதி வழியில் நின்றுவிடும். மீதி ஏறக்குறைய பதினேழு மணி நேரம் சித்தியுடையது. அதற்கு மகள் செய்யவேண்டியது ஒன்றுதான். "தாங்கும்" என்று ஒரு வார்த்தை.

5

அந்த வார்த்தையை நான் மூன்று முறை எழுதினேன்.

"தாங்கும்" என்றாள் மகள், அம்மாவின் முகத்தைப் பார்க்—

"தாங்கும்னு நினைக்கறேன்" என்று—

அவள் தலையை மட்டும் ஆட்டி—

ஒன்றும் ஒட்டவில்லை. மூன்று முறை படித்து மூன்றையும் எழுதுகிறவளை நான்தானே உண்டாக்கினேன்? இப்போது எனக்கு வசதியாக இல்லை என்பதற்காக அவள் மாறுவாளா? நான்காவது முறை பேனாவைத் தளர்த்திப் பிடித்தேன்.

"சாம்பல் தாங்காது அம்மா. பதினாலு மணி இருபது நிமிஷம்தான். நீலம் முப்பத்தெட்டு வருது."

"அப்ப நீலத்தையே குடு" என்றார் அம்மா. சாம்பலை ஒருமுறை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டுப் பெட்டிக்குள் போட்டார்.

எனக்குக் கோபம்தான். கதை இங்கேயே செத்துவிட்டது என்று நினைத்து இரண்டு நாள் வேறு எதையோ எழுதினேன்.

6

ரயில் காலை ஆறு மணிக்கு. மகள் வழியனுப்ப வந்திருந்தாள். சித்தி, "வாடி தராசு, எடை கொஞ்சம் குறைஞ்சிருக்கியே" என்று மகளின் கன்னத்தைப் பிடித்தார். அம்மா ரயில் நகர்வதற்கு முன்பே இயர்போனை மாட்டிக்கொண்டார். சத்தம் முழு அளவில். நடைமேடையில் நின்றவளுக்கே கேட்டது.

மத்தியானம் மூன்று மணிக்கு மகள் ஓர் ஆணிக் கடையில் இருந்தாள்.

"பாருங்க மேடம், சைபர்ல ஆடாம நிக்குது" என்றார் கடைக்காரர். "இதுக்குச் சோதனையே வேண்டாம்."

"சும்மா இருக்கற தராசு எப்பவும் சரியாத்தான் காட்டும்ங்க. மேல ஏதாவது வச்சுப் பார்த்தாதான் தெரியும்."

எத்தனையோ கடைகளில் சொன்ன வாக்கியம். இந்தத் தடவை அவள் கை கல்லோடு நின்றுவிட்டது.

அலுவலக மேசையில் இருந்தது ஒரே ஓர் இயர்போன். அதைச் சாம்பலில் செருகியிருந்தாள். நீலத்தில் எதையும் செருகவில்லை. திரை அணைந்து கிடந்தது. காதும் இல்லை, சத்தமும் இல்லை, தொடும் விரலும் இல்லை. கேட்க ஆள் இல்லாமல் ஒரு பாட்டுப் பெட்டியை முப்பத்தெட்டு மணி நேரம் அளந்திருக்கிறாள்.*

"மேடம், கல்லை வைக்கலையா?"

"ஒரு நிமிஷம்ங்க. ஒரு போன் பண்ணணும்."

* இயர்போன் மட்டும் இவ்வளவு சார்ஜைத் தின்னாது. முழுச் சத்தம் கொஞ்சம் தின்னும். பாட்டு ஓடுகிறதா என்று அம்மா நிமிடத்துக்கு ஒருமுறை திரையைத் தட்டிப் பார்ப்பது மிச்சத்தைத் தின்னும். மகள் என் பேச்சைக் கேட்டுப் பொய் சொல்லிச் சாம்பலைக் கொடுத்திருந்தால், அது இன்னும் பாடிக்கொண்டிருக்கும். இதை நான் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. (குத்திக்காட்டத்தான்.)

7

அம்மாவின் போனை எடுத்தது சித்தி.

"யாரு, தராசா? உங்கம்மா பாட்டு கேட்கறா. பையில அடிச்சுக்கிட்டே இருந்துது, நான் எடுத்தேன்."

"சித்தி, அம்மாகிட்ட ஒண்ணு சொல்லணும். அந்தப் பிளேயர் முப்பத்தெட்டு மணி நேரமெல்லாம் வராது. நான் தப்பா அளந்துட்டேன். எப்ப வேணா நின்னுடும்."

"இரு." காற்றின் இரைச்சல் கேட்டது. "கதவுப் பக்கம் வந்துட்டேன். இப்ப சொல்றேன் கேளு. அது நின்னு ஒரு மணி நேரம் ஆகுது."

"நின்னுடுச்சா? எப்படித் தெரியும்?"

"பக்கத்துலதானே உட்கார்ந்திருக்கேன். சிவப்பா ஒரு பேட்டரி படம் வந்துது. அப்புறம் கறுப்பாயிடுச்சு."

"அம்மா என்ன பண்றாங்க?"

"காதுல மாட்டிக்கிட்டே உட்கார்ந்திருக்கா."

மகள் கல்லை மறு கைக்கு மாற்றினாள்.

"நான் எதிர் சீட்டு அம்மாகிட்ட எங்க சின்ன வயசுக் கதையை எடுத்து விட்டுட்டிருக்கேன்" என்றார் சித்தி. "வாத்தைப் புத்தகப் பைக்குள்ள வச்சு பஸ்ல கொண்டுபோனோமே, அது. எனக்கு அப்ப பத்து வயசுன்னு சொல்றேன். அவளுக்குத்தான் பத்து. வெள்ளை வாத்தைக் கறுப்புன்னு சொல்றேன். ஒவ்வொண்ணுக்கும் தலை இப்படி ஆடுது. பாட்டுக்கு ஆட்டறாளாம்!"

சித்தி சிரிப்பை அடக்கியதில் இருமல் வந்தது. இருமி முடித்ததும் குரல் தணிந்திருந்தது.

"தராசு, நீ தப்பா அளந்ததைப் போய் அவகிட்ட சொல்லணுமா? சொன்னா, எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரிஞ்சுடும். எழுந்து வேற சீட்டுக்குப் போயிடுவா. சீட்டுதான் அத்தனை காலியா கிடக்கே. சொல்லு. சொல்லட்டுமா, வேண்டாமா?"

8

முடிவு (அ): "சொல்லுங்க சித்தி" என்றாள். தவறான எண்ணைத் தவறென்று சொல்லாமல் அவளால்—

முடிவு (ஆ): "வேண்டாம்" என்றாள். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு தவறான எண்ணை அப்படியே—

முதலாவதில் அவள் நல்லவளாக இருக்கிறாள், ஆனால் எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. இரண்டாவது என் விருப்பம். அது போதாது. இரண்டையும் அடித்துவிட்டு, ஆணிக் கடையில் அவளை நிற்கவிட்டுக் காத்திருந்தேன். கடைக்காரர் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார்.

"சித்தி, நீங்க சொல்லாதீங்க" என்றாள் கடைசியில். "எண்ணைச் சொன்னது நான். இறங்கினதும் நானே அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்றேன்."

"இறங்கறதுக்கு இன்னும் இருபத்திரண்டு மணி நேரம் இருக்கு."

"இருக்கட்டும்."

கல்லைத் தட்டில் வைத்தாள். முதல் எண்ணை எழுதினாள்.

9

இனி நடப்பதை மகளால் பார்க்க முடியாது. நீங்களும் நானும்தான் போகவேண்டும்.

சித்தி இன்னும் கதவருகே நிற்கிறார். உள்ளே, எதிர் சீட்டுப் பெண்மணி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்க்கிறார். பஸ் கண்டக்டர் பையைத் திறக்கச் சொன்ன இடத்தில் வாத்துக் கதை நிற்கிறது. கதை சொன்ன சித்தி போனை எடுத்துக்கொண்டு போனவர் போனவர்தான். எதிர் சீட்டுக்காரர் அம்மாவின் பக்கம் சாய்கிறார். காதில் இயர்போன் இருப்பதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

"ஏங்க, அந்த வாத்து என்னாச்சு? கண்டக்டர் பார்த்துட்டாரா?"

அம்மாவின் கை காதுக்குப் போகிறது.

கழற்றுவதற்கா, இன்னும் அழுத்திக்கொள்வதற்கா என்று எனக்குத் தெரியவில்லை. கண்டக்டர் என்ன செய்தார் என்பதும் தெரியாது, நான் அந்த இடம் வரைதான் எழுதினேன். மீதி தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருவர் கதவருகே நிற்கிறார்.

அம்மாவின் பக்கத்து இருக்கை காலியாக இருக்கிறது. உட்காருங்கள். எனக்குக் கேட்கக் கூச்சம், வாத்து என்னாச்சு என்று நீங்கள் கேளுங்கள். சித்தி திரும்பி வர எப்படியும் அரை நிமிடம் ஆகும்.